யார் இந்த டு பாய்ஸ்? பாடம் நடத்த அனுமதி கிடைக்காத பேராசிரியர், இரண்டு கல்லூரிப் படிப்புகளுக்கு முன்னோடி ஆனது எப்படி?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா போதும், விஸ்காம் எடுக்கலாமா, மாஸ் கம்யூனிகேஷன் எடுக்கலாமான்னு நம்ம ஊர் வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும். அமெரிக்கக் கல்லூரிகளில் இதோடு சேர்த்து மாணவர்கள் யோசிக்கும் இன்னொரு படிப்பும் உண்டு. அதன் பெயர் கம்பேரட்டிவ் எத்னிக் ஸ்டடீஸ். தமிழில் ஒப்பீட்டு இனக்குழு ஆய்வுகள்னு சொல்லலாம். கறுப்பின மக்கள், பூர்வகுடிகள், ஆசிய வம்சாவளியினர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஆகியோரின் வரலாற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் இந்தப் படிப்பு.

செய்தி எப்படி மக்களிடம் போய்ச் சேருகிறது? இது முதல் படிப்பின் கேள்வி. யாருடைய கதை சொல்லப்படாமலே விடப்படுகிறது? இது இரண்டாவது படிப்பின் கேள்வி. இந்த இரண்டையும் ஒரே வாழ்க்கையில் கேட்டவர் வில்லியம் எட்வர்ட் பர்கார்ட் டு பாய்ஸ். இந்தப் படிப்புகள் கல்லூரிக்குள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கேட்டவர். அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? பார்ப்போம்.

15 வயதிலேயே நிருபர்

1868 பிப்ரவரி 23 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பேரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார் டு பாய்ஸ். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அப்பா சின்ன வயதிலேயே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மாதான் வளர்த்தார்.

பள்ளியில் படிக்கும்போதே, நியூயார்க்கில் வெளிவந்த கறுப்பின மக்களின் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்திகள் எழுதி அனுப்பத் தொடங்கினார். அப்போ அவருக்கு வயது 15. கல்லூரிப் படிப்புக்குக் கையில் காசில்லை. உள்ளூர் தேவாலயத்தினர் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். டென்னசி மாநிலத்தின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

அடுத்து ஹார்வர்ட். அங்கே ஃபிஸ்க் பட்டத்தை முழுசாக ஏற்கவில்லை. மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவராகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடியும் இளங்கலை, பிறகு முதுகலை, நடுவில் இரண்டு ஆண்டுகள் பெர்லினில் படிப்பு. கடைசியில் 1895-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார்.

கேட்டார், கிடைக்கவில்லை

இவ்வளவு படித்தவருக்கு வேலை எங்கே கிடைத்தது? ஒஹாயோவில், வில்பர்ஃபோர்ஸ் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியில். லத்தீனும் கிரேக்கமும் நடத்தச் சொன்னார்கள். அவர் நடத்த ஆசைப்பட்டதோ சமூகவியல். கூடுதல் நேரத்தில் தானே நடத்துகிறேன் என்று கேட்டும் கல்லூரி சம்மதிக்கவில்லை.

1896-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் கூப்பிட்டது. ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாவது வார்டில் வாழும் கறுப்பின மக்களைப் பற்றி ஆய்வு செய்யணும். ஓராண்டுக்கு 900 டாலர். பேராசிரியர் பதவி கிடையாது, உதவியாளர் என்ற பெயர் மட்டும். பல்கலைக்கழகத்தின் கையேட்டில் அவர் பெயர் அச்சாகவில்லை. வகுப்பும் இல்லை.

புது மனைவி நீனாவுடன் அதே வார்டில் குடியேறினார். ஏறக்குறைய 2,500 குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். யாருக்கு என்ன வேலை, எவ்வளவு வாடகை, எத்தனை பேர் பள்ளிக்குப் போகிறார்கள் என எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். வீடுகளுக்கு வண்ணம் கொடுத்து வரைபடம் போட்டார். வார்டில் உள்ள வறுமைக்கும் குற்றத்துக்கும் அந்த மக்களின் பிறவிக் குணம்தான் காரணம் என்று அப்போ நம்பினார்கள். வேலை மறுக்கப்படுவதும், அடிமை முறை விட்டுச்சென்ற சுமையும்தான் காரணம் என்று அவர் ஆதாரத்தோடு காட்டினார். 1899-ல் அது புத்தகமாக வந்தது.

1899 ஏப்ரலில் என்ன நடந்தது?

அதற்குள் அவர் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். ஒருவழியாக அங்கேதான் சமூகவியல் நடத்தக் கிடைத்தது. ஆண்டுக்கு ஒரு தலைப்பு எடுத்து, கறுப்பின மக்களின் வாழ்க்கையை மாணவர்களோடு சேர்ந்து ஆய்வு செய்தார். உண்மையைச் சரியாகத் திரட்டி முன்னால் வைத்தால் போதும், நாடு திருந்திவிடும் என்பது அப்போது அவருடைய நம்பிக்கை.

1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி, தன் முதலாளியைக் கொன்றதாகத் தேடப்பட்டார். நடந்தது கூலித் தகராறு. ஆனால் பத்திரிகைகள் அதன்மேல் வேறு குற்றச்சாட்டுகளையும் ஏற்றி, நாள்தோறும் வெறியைக் கிளப்பின. டு பாய்ஸ் உட்கார்ந்து, உண்மைகளை எடுத்துச் சொல்லும் கடிதம் ஒன்றை எழுதினார். அதை ஒரு நாளிதழ் அலுவலகத்தில் நேரில் கொடுக்கக் கிளம்பினார்.

பாதி வழியில் சேதி வந்தது. ஹோஸைக் கும்பல் எரித்துக் கொன்றுவிட்டது. அவருடைய விரல் முட்டிகளை, அதே தெருவில் கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு மளிகைக் கடையில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

டு பாய்ஸ் கடிதத்தைக் கொடுக்கவில்லை. திரும்பி நடந்தார்.

அடுத்த மாதமே, இரண்டு வயதுகூட நிரம்பாத அவருடைய மகன் டிப்தீரியா நோயில் இறந்துபோனான்.

ஆய்வாளராக மட்டும் இருந்தால் போதாது என்று அவர் முடிவு செய்தது இந்தக் காலத்தில்தான். தகவல் தன்னிடம் இருக்கு. ஆனா அதை மக்களிடம் கொண்டுபோகும் பத்திரிகை வேறு யாரோ கையில் இருக்கு. அப்போ என்ன பண்றது?

இன்ஃபோகிராஃபிக் காலத்துக்கு முன்பே...

1900-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. கறுப்பின அமெரிக்கர்களின் வாழ்க்கையைக் காட்டும் அரங்குக்காக டு பாய்ஸும் அவருடைய மாணவர்களும் 60 அளவில் விளக்கப்படங்களைக் கையால் வரைந்தார்கள். எழுத்தறிவு, நிலவுடைமை, சொத்து மதிப்பு எல்லாம் சிவப்பு, பச்சை, மஞ்சள் பட்டைகளாகவும் சுருள்களாகவும் மாறின. 363 புகைப்படங்களும் போயின. நன்றாக உடுத்திய மனிதர்கள், வீடுகள், கடைகள். கேலிச்சித்திரங்களில் மட்டும் அந்த மக்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது புதுசு.

கப்பலில் நல்ல டிக்கெட் எடுக்கப் பணமில்லை. மலிவான கீழ்த்தட்டில் பயணம் செய்து, படங்களைக் கொண்டுபோய் மாட்டினார். தங்கப் பதக்கம் கிடைத்தது. இன்று டேட்டா ஜர்னலிசம் படிக்கும் மாணவர்கள் இந்தப் படங்களைத் தேடிப் பார்க்கிறார்கள்.

சொந்தமாக ஒரு பத்திரிகை

1906 செப்டம்பரில், கறுப்பின ஆண்கள் வெள்ளையினப் பெண்களைத் தாக்குவதாகப் பத்திரிகைகள் வரிசையாக வெளியிட்ட செய்திகள் அட்லாண்டாவில் கலவரத்தை மூட்டின. வெளியூரில் இருந்த டு பாய்ஸ் ரயிலேறி வந்து, மனைவியையும் மகளையும் காக்கத் துப்பாக்கியோடு வாசலில் உட்கார வேண்டியதாயிற்று.

1910-ல் பேராசிரியர் வேலையை விட்டார். அதற்கு முந்தைய ஆண்டு உருவான என்ஏஏசிபி என்ற உரிமை அமைப்பில் சேர்ந்து, 'க்ரைசிஸ்' இதழைத் தொடங்கினார். முதல் இதழ் 1,000 பிரதிகள். 1919 வாக்கில் அது 1 லட்சத்தை எட்டியது.

அதில் என்ன வந்தது? கும்பல் கொலைகளின் கணக்கு வந்தது. 1916-ல் டெக்சாஸில் நடந்த ஒரு கும்பல் கொலையின் புகைப்படங்களோடு தனி இணைப்பே வந்தது. கூடவே, ஒவ்வோர் ஆண்டும் பட்டம் பெற்ற கறுப்பின மாணவர்களின் படங்களும் வந்தன. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் போன்றவர்களை வளர்த்துவிட்டதும் இந்த இதழ்தான். குழந்தைகளுக்கென்றே தனி மாத இதழும் இரண்டு ஆண்டுகள் நடத்தினார்.

தன் மக்களைத் தாண்டிப் பார்த்தவர்

1934-ல் கருத்து வேறுபாட்டால் 'க்ரைசிஸ்' ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகி, மறுபடி அட்லாண்டா போனார். 1940-ல் 'ஃபைலான்' என்ற ஆய்விதழைத் தொடங்கினார். இனமும் பண்பாடும்தான் அதன் களம். ஒரே ஒரு மக்களின் துயரத்தை மட்டும் தனியாகப் படித்தால் பாதிதான் புரியும் என்ற எண்ணம் அவரிடம் வலுத்துக்கொண்டே வந்தது.

இங்கேதான் இந்தியாவும் வருகிறது. 1946-ல் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் அமைப்பு ஒன்று ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டார். தாழ்த்தப்பட்ட மக்களுக்காகத் தானும் ஐ.நா.வை அணுகலாமா என்ற யோசனை அம்பேத்கருக்கு. டு பாய்ஸ் நகலை இணைத்தே பதில் போட்டார். அடுத்த ஆண்டு, என்ஏஏசிபி சார்பில் இன்னும் விரிவான மனு ஒன்றை அவரே தொகுத்து ஐ.நா.விடம் சேர்த்தார்.

1949-ல் போலந்து போனார். நாஜிகள் தரைமட்டமாக்கிய வார்சா யூதக் குடியிருப்பைப் பார்த்தார். இனவெறி என்பது தோலின் நிறத்தோடு நின்றுவிடுவதில்லை என்று அது தனக்குப் புரியவைத்ததாகப் பின்னர் எழுதினார். ஒப்பீட்டு ஆய்வுன்னு இன்று சொல்வது இதைத்தான்.

விமர்சனங்களே இல்லையா?

நிறைய உண்டு. முதல் உலகப் போரின்போது, உரிமைக் குறைகளைக் கொஞ்ச காலம் ஒதுக்கிவைத்துவிட்டு நாட்டோடு நில்லுங்கள் என்று கறுப்பின மக்களிடம் எழுதினார். அதே சமயத்தில் ராணுவ உளவுப் பிரிவில் அவருக்கு ஒரு பதவி பற்றியும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கூட இருந்தவர்களே கோபப்பட்டார்கள். 1953-ல் ஸ்டாலினைப் புகழ்ந்து எழுதியது இன்றுவரை அவர்மீதுள்ள பெரிய குறை. அதிகாரத்தின் பொய்களை ஊரெல்லாம் தேடிப் பிடித்தவர், அந்த ஓர் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

சொந்த நாடு அவரை நடத்திய விதம் வேறு கதை. அணு ஆயுத எதிர்ப்புக்குக் கையெழுத்து திரட்டிய அமைப்புக்குத் தலைவராக இருந்ததற்காக, 1951-ல் வெளிநாட்டு ஏஜென்ட் என்று வழக்குப் போட்டார்கள். 83 வயதை நெருங்கியவரின் கையில் விலங்கு மாட்டினார்கள். ஆதாரம் இல்லாமல் வழக்கு விழுந்தது. ஆனாலும் 1958 வரை பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. ஊர் ஊராக அழைத்துப் பேச வைத்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

1961-ல் கானா போனார். ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுக்கும் வேலையில் இருந்தபோது, 1963 ஆகஸ்ட் 27 அன்று, 95 வயதில் அக்ரா நகரில் காலமானார். மறுநாள்தான் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணி. கூட்டம் கூடியிருந்த அந்த மேடையிலேயே அவருடைய மறைவு அறிவிக்கப்பட்டது.

சரி, படிப்பு எப்போ வந்துச்சு?

ஐந்து ஆண்டுகள் கழித்து. 1968 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எங்கள் வரலாறு பாடத்தில் எங்கேன்னு கறுப்பின, ஆசிய, லத்தீன், பூர்வகுடி மாணவர்கள் சேர்ந்து கேட்டார்கள். மாதக்கணக்கில் நடந்த போராட்டத்தின் முடிவில், 1969-ல் இனக்குழு ஆய்வுகளுக்கென்றே அங்கே தனிக் கல்லூரிப் பிரிவு உருவானது. அதே ஆண்டு பெர்க்லியிலும் துறை வந்தது. டு பாய்ஸ் கேட்ட கேள்வி, போராடித்தான் வகுப்பறைக்குள் வர முடிந்தது.

கடைசியாக ஒரு தகவல். கையேட்டில் பெயரைக்கூட அச்சிடாத பென்சில்வேனியா பல்கலைக்கழகம், 2012-ல் அவருக்கு மதிப்புறு ஓய்வுநிலைப் பேராசிரியர் என்ற பட்டத்தை வழங்கியது. அவர் ஏழாவது வார்டில் வீடு வீடாகக் கதவைத் தட்டத் தொடங்கி அப்போது 116 ஆண்டுகள் ஆகியிருந்தன.