தலை நிமிர்த்திய கொடை

நுழையும்முன்

பசித்தவருக்கு ஒருவேளை உணவு அளிப்பது அறம். அவர் மீண்டும் பசியால் வாடாதபடி அவருக்குக் கல்வியும் தொழிலும் அளிப்பது அதனினும் பேரறம். முகமறியாத குழந்தையொன்றின் வளர்ச்சிக்குத் தொலைவிலுள்ள ஒருவர் பொறுப்பேற்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே அத்தகைய கொடையைத் திரட்டி, பெறுபவரின் தலை தாழாதவாறு அதைக் கொண்டுசேர்த்தவர் பண்டித ரமாபாய். அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காட்டில் பிறந்த கல்வி

பண்டித ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய கருநாடக மாநிலத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள கங்காமூலம் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாத்திரி டோங்ரே வடமொழியில் ஆழ்ந்த புலமையுடையவர். பெண்கள் வடமொழி கற்பதைச் சமூகம் தடுத்த காலத்தில் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அவர் அம்மொழியைக் கற்பித்தார். அதனால் எழுந்த எதிர்ப்பின் காரணமாக ஊரைவிட்டு விலகிக் காட்டில் குடியிருப்பு அமைத்துக்கொண்டார். அங்குப் பிறந்த ரமாபாய்க்குத் தாயே ஆசிரியரானார்.

பின்னர் அக்குடும்பம் காட்டைவிட்டு வெளியேறி, திருத்தலங்கள்தோறும் சென்று புராணங்களைப் படித்துப் பொருள் சொல்லி, மக்கள் விரும்பி அளித்ததைக்கொண்டு வாழ்ந்தது. நிலையான வீடோ வருவாயோ அவர்களுக்கு இல்லை.

பஞ்சம் கற்பித்த பாடம்

1870களின் நடுப்பகுதியில் தென்னிந்தியாவைப் பஞ்சம் வாட்டியது. கேட்போரே பசியால் வாடியபோது புராணம் சொல்வோருக்குக் கொடுப்பவர் எவர்? கையிலிருந்த பொருள்களெல்லாம் விற்றுத் தீர்ந்தன. இலைகளையும் நீரையும் உண்டு அவர்கள் நாள்களைக் கழித்தனர். முதலில் தந்தையும், அவரையடுத்துத் தாயும், பின்னர்த் தமக்கையும் இறந்தனர். தாயின் உடலைச் சுமந்துசெல்லப் போதிய ஆள்கள் கிடைக்கவில்லை. தோள்கொடுக்க உயரம் போதாத இளம்பெண்ணான ரமாபாய், தம் பங்குச் சுமையைத் தலையில் தாங்கி நெடுந்தொலைவு நடந்தார்.

இத்துயரிலிருந்து ரமாபாய் ஓர் உண்மையை உணர்ந்தார். அவர் குடும்பத்தில் கல்விக்குக் குறைவில்லை. ஆயினும் உழைத்துப் பிழைப்பதற்கான கைத்தொழில் ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. கூலிவேலை செய்யக் குலப்பெருமை இடங்கொடுக்கவில்லை. இரந்து உண்ண மானம் இடங்கொடுக்கவில்லை. ஏட்டுக்கல்வியோடு கைத்தொழிலும் இணைந்தால்தான் ஓர் உயிர் பஞ்சத்தைக் கடக்கும் என்னும் இத்தெளிவே பிற்காலத்தில் அவர் நடத்திய நிறுவனங்களுக்கு அடித்தளமாயிற்று.

பண்டிதர் பட்டமும் பிரிவுகளும்

எஞ்சிய தமையன் சீனிவாசனோடு ரமாபாய் நாட்டின் பல பகுதிகளைக் கால்நடையாகவே சுற்றினார். 1878இல் இருவரும் கொல்கத்தாவை அடைந்தனர். இருபது வயதுப் பெண்ணின் வடமொழிப் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் அவருக்குப் ‘பண்டிதா’, ‘சரசுவதி’ என்னும் பட்டங்களை வழங்கினர்.

1880இல் தமையனும் மறைந்தார். அவ்வாண்டிலேயே வங்காள வழக்கறிஞரான பிபின் பிகாரி தாசை, சாதித்தடையைக் கடந்து ரமாபாய் மணந்தார். மறு ஆண்டு மனோரமா என்னும் பெண்குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஓர் வயது நிறையுமுன் காலரா நோய் கணவரைக் கவர்ந்தது. இருபத்துமூன்று வயதில் கைம்பெண்ணான ரமாபாய், குழந்தையுடன் புனே நகருக்கு வந்தார்.

அங்கு 1882இல் ‘ஆரிய மகிளா சமாஜம்’ என்னும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அவ்வாண்டு கல்வி நிலையை ஆராய வந்த ஹண்டர் குழுவின்முன் தோன்றி, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் தேவை என்று எடுத்துரைத்தார்.

மனச்சான்றின் வழி

மருத்துவம் கற்கும் நோக்கத்துடன் 1883இல் ரமாபாய் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைபாட்டால் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. வாண்டேஜ் என்னும் ஊரிலிருந்த ஆங்கிலிக்கத் துறவுச் சகோதரிகள் அவருக்கும் குழந்தைக்கும் புகலிடம் அளித்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் அவர் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். பின்னர்ச் செல்ட்டனம் மகளிர் கல்லூரியில் வடமொழி கற்பித்தார்.

தம்மை ஆதரித்தவர்களிடம் ரமாபாய் மிகுந்த நன்றியுடையவராக இருந்தார். எனினும், நன்றி என்பது அடிமை முறி ஆகாது என்பதில் உறுதியாக நின்றார். சமயக் கோட்பாடுகளில் தமக்கு ஐயம் எழுந்தபோதெல்லாம் சகோதரிகளோடும் குருமாரோடும் வாதிட்டார். புரியாத இலத்தீன் எழுத்துகள் பொறித்த சிலுவையை அணிய மறுத்தார். சைவ உணவையும் இந்திய உடையையும் கைவிடவில்லை. உதவி பெறுபவரின் மனச்சான்று உதவுபவருக்கு உரியதன்று என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

பத்தாண்டு வாக்குறுதி

ரமாபாயின் உறவினரான ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற விழாவில் கலந்துகொள்வதற்காக, 1886இல் ரமாபாய் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். சில வாரப் பயணமாகத் தொடங்கியது ஏறத்தாழ மூன்று ஆண்டுப் பணியாக நீண்டது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இந்தியக் கைம்பெண்களின் நிலையைப் பற்றி உரையாற்றினார். மழலையர் கல்விமுறையைக் கற்றார். உயர்சாதி இந்துப் பெண்ணின் வாழ்வைப் பற்றி 1887இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

மணமான சிறுமி, மணவாழ்வை அறியுமுன்னரே கணவனை இழந்து, தலைமுடி மழிக்கப்பட்டு, வீட்டின் மூலையில் ஒதுக்கப்படும் கொடுமையை அந்நூல் எடுத்துரைத்தது. அதைப் படித்தவர்களும் அவர் உரையைக் கேட்டவர்களும் ஊர்தோறும் ‘ரமாபாய் வட்டங்கள்’ என்னும் குழுக்களை அமைத்தனர். 1887 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ‘ரமாபாய் சங்கம்’ உருவாயிற்று. இந்தியாவில் அவர் தொடங்கவிருந்த பள்ளிக்குப் பத்தாண்டுகள் பொருளுதவி செய்வதாகச் சங்கத்தினர் உறுதியளித்தனர்.

இவ்வாக்குறுதியின் தன்மையை நாம் ஊன்றி நோக்க வேண்டும். இரக்கம் மேலிட்ட வேளையில் கொடுக்கும் பொருள், இரக்கம் தணிந்ததும் நின்றுவிடும். ஒரு குழந்தை எழுத்தறிந்து, தொழில் கற்று, தன் காலில் நிற்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இடையில் உதவி நின்றால் அக்குழந்தை பழைய துன்பத்திற்கே திரும்ப நேரிடும். எனவே, கொடையின் அளவைப் போலவே அதன் தொடர்ச்சியும் இன்றியமையாதது. பள்ளியில் சேரும் சிறுமியை இடைவழியில் கைவிட வேண்டிவராது என்னும் துணிவை அப்பத்தாண்டு வாக்குறுதி அவருக்கு அளித்தது.

சாரதா சதன்

1889 மார்ச் 11ஆம் நாள் மும்பையில் ‘சாரதா சதன்’ என்னும் கல்வி இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அது புனேவுக்கு மாற்றப்பட்டது. மாணவியர் தத்தம் குல வழக்கப்படி உண்ணவும் வழிபடவும் அங்கு உரிமை இருந்தது. எச்சமயத்தையும் கட்டாயப்படுத்திக் கற்பிப்பதில்லை என்பது அதன் நெறி.

அவ்வில்லத்தில் சேர்ந்த முதற் கைம்பெண் மாணவி கோதுபாய். அவர் கல்வி பெற்று, 1893இல் தோண்டோ கேசவ கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். கார்வே பின்னர்க் கைம்பெண்களுக்கான இல்லத்தையும், 1916இல் பெண்களுக்கான பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். கடல் கடந்து வந்த உதவியால் கற்ற ஒரு பெண், இந்தியாவின் மற்றொரு பெருங்கல்விப் பணிக்குத் துணைநின்ற வரலாறு இது.

சோதனையும் 1893இல் வந்தது. ரமாபாய் தம் அறையில் நடத்திய வழிபாட்டில் மாணவியர் சிலர் தாமாகவே கலந்துகொண்டனர். அவர்கள் மதம் மாற்றப்படுகின்றனர் என்னும் ஐயம் நகரெங்கும் பரவியது. ரானடே, பண்டார்க்கர் முதலிய பெருமக்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். இருபதுக்கும் மேற்பட்ட மாணவியரைப் பெற்றோர் அழைத்துச் சென்றனர். தம் வழிபாட்டுக்கு யாரையும் அழைப்பதுமில்லை, விரும்பி வருபவரைத் தடுப்பதுமில்லை என்பது ரமாபாயின் நிலைப்பாடு. சிறுவர் இல்லத்தில் நடத்துநரின் சமயச் சார்பு குழந்தைகளின் மனத்தைப் பாதிக்காதா என்பது எதிர்த்தோரின் கவலை. உதவும் கைக்கும் பெறும் மனத்திற்கும் இடையே எல்லை எது என்னும் அவ்வினா இன்றளவும் உயிர்ப்புடையதே.

முக்தி

பத்தாண்டு வாக்குறுதி 1898இல் நிறைவுறும் என்பதை ரமாபாய் மறக்கவில்லை. அதற்குப் பின்னும் பள்ளி நிலைபெற வேண்டுமெனில் அதற்குச் சொந்த வருவாய் வேண்டும் என்று கருதி, புனேவுக்கு அருகிலுள்ள கேட்காவ் என்னும் ஊரில் ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலத்தை வாங்கினார், பழமரங்களை நட்டார். பிறர் உதவியைப் பெறும்போதே அவ்வுதவி தேவைப்படாத நாளை நோக்கி உழைத்தார்.

1896ஆம் ஆண்டு மத்திய மாகாணங்களைப் பஞ்சம் தாக்கியது. அங்குச் சென்ற ரமாபாய், எலும்பும் தோலுமாய்க் கிடந்த சிறுமியரிடம் தம் இளமைக்காலத்தையே கண்டார். ஆதரவற்ற சிறுமியரைத் தம்மோடு அழைத்துவந்தார். அவ்வாறு சேர்ந்தோர் ஏறத்தாழ முந்நூறு பேர். அமெரிக்கச் சங்கத்தின் நிதி சாரதா சதனுக்கு மட்டுமே உரியது. பஞ்சத்திலிருந்து மீட்கப்பட்டோரைக் காக்க அவரிடம் நிதி இல்லை. பல நாடுகளின் கிறித்தவ அன்பர்கள் அனுப்பிய கொடைகளை நம்பியே அவர் இப்பணியில் இறங்கினார். பழத்தோட்ட நிலத்தில் குடில்கள் எழுந்தன, கிணறுகள் தோண்டப்பட்டன. அவ்விடம் ‘முக்தி’ எனப் பெயர் பெற்றது. சாரதா சதனைப் போலன்றி, முக்தி வெளிப்படையான கிறித்தவ நிறுவனமாகவே விளங்கியது. எனினும், அங்குச் சாதி வேறுபாடின்றி அனைவர்க்கும் இடம் இருந்தது.

1900ஆம் ஆண்டில் குசராத்துப் பஞ்சத்தில் மீட்கப்பட்ட சிறுமியரும் வந்துசேர, முக்தியில் வாழ்ந்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 1500 ஆயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட கால்நடைகளும் அங்கு இருந்தன. ஒவ்வொரு சிறுமியும் எழுத்தறிவோடு ஒரு தொழிலையும் கற்றார். நெசவு, தையல், உழவு, பால்பண்ணை, எண்ணெய் ஆட்டுதல், அச்சுக்கோத்தல் எனத் தொழில்கள் பலவாக விரிந்தன. கற்றவருள் பலர் ஆசிரியர்களாயினர், செவிலியர்களாயினர், பின்வந்த சிறுமியரை வளர்க்கும் பொறுப்பை ஏற்றனர். நேற்று உதவி பெற்றவர் இன்று உதவுபவரானார். பஞ்சக் காலத்தில் தம் குடும்பத்திற்குக் கிட்டாத கைத்தொழிற் கல்வியை, அவர்களுக்கு ரமாபாய் அளித்தார்.

நிறைவு

ரமாபாய் தம் இறுதி ஆண்டுகளை, மூலமொழிகளாகிய எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் கற்று, விவிலியத்தை எளிய மராத்தியில் மொழிபெயர்ப்பதில் செலவிட்டார். முக்தியின் பெண்களே அதை அச்சுக்கோத்து அச்சிட்டனர். 1919இல் ஆங்கில அரசு அவருக்குக் ‘கைசர்-இ-ஹிந்த்’ பதக்கம் வழங்கியது. பணியில் வலக்கையாய் விளங்கிய மகள் மனோரமா 1921இல் மறைந்தார். அப்பேரிழப்பைத் தாங்கிப் பணியைத் தொடர்ந்த ரமாபாய், 1922 ஏப்ரல் 5ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சீனாவிலும் கொரியாவிலும் போரால் பெற்றோரை இழந்த குழந்தைகளைக் காக்கக் கிறித்தவத் தொண்டு நிறுவனங்கள் பல முன்வந்தன. ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர் எனப் பெயர் குறித்து இணைத்து, மாதந்தோறும் பொருள் பெற்று, இருவருக்குமிடையே கடிதத் தொடர்பையும் ஏற்படுத்தின. அம்முறை பின்னர்ப் பல நாடுகளில் பரவியது. அது நன்முறையில் நடைபெற வேண்டுவன எவை என்பதற்கு ரமாபாயின் வாழ்வே விடை கூறும்: இடையறாத உதவி வேண்டும், கல்வியோடு தொழிலும் வேண்டும், பெறுபவரின் மனச்சான்று மதிக்கப்பட வேண்டும், உதவி தேவைப்படாத நாளை நோக்கி ஒவ்வொரு நாளும் நகர வேண்டும்.

தாயின் உடலைத் தலையில் சுமந்த பெண், ஆயிரக்கணக்கான சிறுமியரின் தலையிலிருந்து பசியின் சுமையை இறக்கிவைத்தார். அவர்கள் நிமிர்ந்து நடந்த வழியே அவரது நினைவுச் சின்னம்.

தெரியுமா?

முக்தியில் பார்வையற்ற பெண்களுக்குப் பிரெய்ல் எழுத்துமுறை கற்பிக்கப்பட்டது. அப்பணியில் மனோரமாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. இந்திய அரசு 1989இல் பண்டித ரமாபாயின் அஞ்சல்தலையை வெளியிட்டது.

கற்பவை கற்றபின்

1. பண உதவி, கல்வி உதவி, தொழிற்பயிற்சி ஆகியவற்றுள் வறுமையிலிருந்து ஒருவரை நிலையாக மீட்பது எது? வகுப்பில் கலந்துரையாடுக.

2. உதவி பெறுபவரின் தன்மதிப்பு காக்கப்பட உதவுபவர் பின்பற்ற வேண்டிய நெறிகளைத் தொகுத்து எழுதுக.