பட்டம் தந்த எண்கள்

பகு எண், பகா எண் என்று எண்களைப் பிரித்துத் தமிழ்ப்பள்ளியிலேயே படித்தோம். 1ஐயும் தன்னையும் தவிர வேறெதற்கும் வகுபடாமல் தனித்து நிற்கும் பகா எண்களைத்தான் பலரும் வியந்து பேசுவர். பலவற்றுக்கும் வகுபட்டுக் கொடுக்கும் எண்களைத் தேடிச் சென்றார் ஒரு தமிழர். அவர்தாம் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். தந்தை துணிக்கடைக் கணக்கர். பள்ளியில் பரிசுகள் பெற்ற இராமானுஜன், 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லவில்லை; உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. தாள் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வையே மாற்றியது. 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கு 1915இல் வெளிவந்த அவருடைய நீண்ட கட்டுரை, உயர் பகு எண்களைப் பற்றியது. அவை யாவை? 60ஐ எடுத்துக்கொள்வோம். அதற்கு 12 காரணிகள். 60க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சுவதே உயர் பகு எண்.

இத்தகைய எண்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அவர் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. பதின்மூன்று இலக்கங்கள், 10080 காரணிகள்! கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த வேலை இது.

அப்பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டுவிட்டது: 293318625600. அதை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் அந்தக் கடைசி எண்ணே வரும்! விடுபட்ட எண், கடைசி எண்ணுக்குள்ளேயே காரணியாக ஒளிந்திருக்கிறது.

ஓர் எண் விடுபட்டதால் கட்டுரையின் பெருமை குறையவில்லை. அதற்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின்வழி பி.ஏ. பட்டம் வழங்கியது. தாயகத்துக் கல்லூரிகளில் கிட்டாத பட்டத்தை எண்களே பெற்றுத் தந்தன. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுற்று 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார்.

இலண்டன் கணிதச் சங்கத்தின் பணநெருக்கடியால் அக்கட்டுரையின் ஒரு பகுதி அன்று அச்சேறவில்லை. அது 1997இல்தான் வெளிவந்தது. எழுதியவர் மறைந்து 77 ஆண்டுகள் கழிந்த பிறகும் கணித அறிஞர்கள் அதை விரும்பிப் படித்தனர்.

தேர்வு முடிவுகள் ஒட்டப்படும் பலகையின் முன் தலைகுனிந்து நிற்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்த அந்த மாணவரை அவர்களுக்கு நினைவூட்டுவோம். அவர் தேர்வில் தோற்றார், தேடலை விடவில்லை.