விசுவாச வீரர்: நேபாள போதகர் கங்கா பிரசாத் பிரதான்



நான் வேதாகமக் கல்லூரியில் படித்தபோது, அடுத்த கட்டிலில் ஒரு நேபாளி சகோதரன் இருந்தார். விடியற்காலம் தன் பாஷை வேதாகமத்தைத் திறந்து வைத்து அழுது ஜெபிப்பார். இந்தப் புத்தகத்தைத் தந்தது யார் என்று ஒருநாள் கேட்டேன். அன்றைக்குத்தான் கங்கா பிரசாத் பிரதான் என்ற பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

1851ல் காத்மாண்டுவில் பிறந்தவர் இவர். சிறுவனாக டார்ஜிலிங் வந்து, மிஷனரி பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கே ஆண்டவரை அறிந்துகொண்டார். 1901ல் அபிஷேகம் பண்ணப்பட்டு, நேபாளிகளில் முதல் போதகரானார்.

டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களில் ராய், லிம்பு, தமாங், குருங், நேவார் என்று பல ஜாதி ஜனங்கள் வேலை செய்தார்கள். வீட்டுக்குள் ஆளுக்கொரு பாஷை. வெளியே வந்தால் எல்லாருக்கும் பொதுவானது ஒரே பாஷைதான். கஸ் குரா, பர்பத்தியா, கோர்க்காலி என்று அதற்குப் பல பெயர்கள். இன்றைக்கு நாம் நேபாளி என்கிறோமே, அதுதான்!

செராம்பூரிலிருந்து 1821லேயே புதிய ஏற்பாடு வந்திருந்தது. ஆனால் முழு வேதாகமம் இல்லை. நம் போதகர் என்ன பண்ணினார் தெரியுமா? மிஷனரிகளோடு உட்கார்ந்து வருஷக்கணக்காக மொழிபெயர்த்தார். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகங்கள் எழுதினார். அகராதி வேலையிலும் கை கொடுத்தார். 1901 முதல் கோர்க்கே கபர் காகத் என்ற மாதப் பத்திரிகையை, தோட்டத்து ஜனங்கள் பேசுகிற பேச்சிலேயே நடத்தினார். கடைசியில் 1914ல் முழு வேதாகமமும் வெளிவந்தது. அல்லேலூயா!

அதே 1914ல், சுமார் 40 பேரான தன் குடும்பத்தாரோடு சொந்த ஊராகிய காத்மாண்டுவுக்குப் போனார். அது ராணாக்களின் ஆட்சிக்காலம். கிறிஸ்தவர்களுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லி அரசாங்கம் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவருக்கு வயது 63. பிறந்த மண்ணிலேயே காலூன்ற விடவில்லை! அந்த மனுஷன் எவ்வளவு நொந்திருப்பார்! ஆனாலும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. டார்ஜிலிங் திரும்பி ஊழியத்தைத் தொடர்ந்தார். 1932ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நேபாளத்தில் ஒரு சபைகூட எழும்பினதை அவர் கண்ணால் காணவில்லை.

1951ல் நேபாளத்தின் கதவு திறந்தது. டார்ஜிலிங், காலிம்போங் பக்கத்து நேபாளி விசுவாசிகள் உள்ளே போனார்கள். வேதம் அவர்கள் பாஷையில் ஏற்கெனவே தயாராக இருந்தது! 2021 கணக்கெடுப்பின்படி அங்கே கிறிஸ்தவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

பிரியமானவர்களே, நாம் பலன் உடனே வேணும் என்கிறோம். ஒரு வருஷம் ஊழியம் செய்து ஆத்துமா வரவில்லையென்றால் சோர்ந்துபோகிறோம். நானும் அப்படிச் சோர்ந்ததுண்டு. விதைத்தவர் கண் மூடினபிறகும் விதை முளைக்கும் என்று இந்த வயோதிகர் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

ராத்திரி நம் தெருவில் விசிலடித்துப் போகிற கூர்க்காவைப் பார்த்தால், அவர் தேசத்துக்காக ஒரு நிமிஷம் ஜெபியுங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.