'மிஸ் கேரளா'வை உலகுக்குச் சொன்ன மெட்ராஸ் டாக்டர்... சேகரிச்ச மீன்கள் சிட்னிக்குப் போன கதை!

அக்வாரியம் கடைகளில் 'மிஸ் கேரளா' மீனைப் பார்த்திருப்பீங்க. மூக்கில் தொடங்கி பாதி உடம்பு வரை சிவப்புக் கோடு. அதுக்குக் கீழே வால் வரை கறுப்புக் கோடு. கேரளத்து மலையாறுகளில் வாழும் இந்த மீனோட அறிவியல் பெயரில், அன்றைய மெட்ராஸ் கவர்னர் டெனிசன் இருக்கார். 1865-ல் அந்தப் பெயரை வெச்சது ஒரு ராணுவ டாக்டர். பெயர் பிரான்சிஸ் டே.

இங்கிலாந்தின் சஸெக்ஸில் 1829-ல் பிறந்தவர். மருத்துவம் படிச்சிட்டு, 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். கொச்சியில் வேலை பார்த்தப்போதான் மீன் பைத்தியம் முத்திப்போச்சு. 'மலபாரின் மீன்கள்' புத்தகம் அப்போ வந்ததுதான். நீலகிரி ஓடைகளில் ட்ரவுட் மீன் வளர்க்கவும் ஆசைப்பட்டார். அது பலிக்கலை.

ஆனா, டே வெறுமனே பெயர் சூட்டுற ஆள் இல்லை. ஆற்றின் குறுக்கே அணை கட்டினால், முட்டையிட மேலேறி வரும் மீன் என்ன ஆகும்? பாசனத்துக்காக கொள்ளிடம் மாதிரி ஆறுகளில் வெள்ளைக்காரர்கள் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அதே அரசிடம் சம்பளம் வாங்கிக்கிட்டு இதைக் கேட்டார். அணைக்குக் கீழேயே உல்லம் மீன்கள் தேங்கி, கொத்தாகப் பிடிபடுறதைச் சொல்லி, அணையில் மீனுக்கும் வழி விடணும்னார். 1871-ல் இந்திய மீன்வளத்துறையின் தலைமை ஆய்வாளர் ஆனார். தண்ணீரில் விஷம் கலந்து பிடிப்பது, பொடி மீனையும் விடாத சின்னக் கண்ணி வலை எல்லாவற்றையும் 1873 அறிக்கையில் பதிவு செய்தார். விஷத்துக்கும் வெடிக்கும் தடை போட்ட இந்திய மீன்வளச் சட்டம் வந்ததோ 1897-ல். அப்போ அவர் உயிரோடு இல்லை.

அடுத்ததுதான் செம ட்விஸ்ட். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன்களுக்குப் பெரிய தலை ஆல்பர்ட் குந்தர். ஒருத்தர் எழுதியதில் இன்னொருத்தர் தப்பு கண்டுபிடிக்க, ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஊர் ஊராக அலைஞ்சு சேர்த்த ஆயிரக்கணக்கான மீன்களை, நியாயமாகப் பார்த்தால் டே அங்கேதான் கொடுத்திருக்கணும். 1883-ல் லண்டனில் சர்வதேச மீன்வளக் கண்காட்சி நடந்தது. சிட்னியின் ஆஸ்திரேலிய மியூசியத்திலிருந்து ராம்சே வந்திருந்தார். டேயின் சேகரிப்பில் ஒரு பெரிய பங்கு சிட்னிக்கு விலைபோனது! குந்தர் மேல் இருந்த கோபத்துக்கு இதைவிடப் பெரிய பழிவாங்கல் இருக்க முடியுமா என்ன?

'இந்தியாவின் மீன்கள்' என்ற பெரும் நூலை 1875-லிருந்து பகுதி பகுதியாக வெளியிட்டார். 1889-ல் பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசைக்காக 1,400-க்கும் மேற்பட்ட மீன் இனங்களை ரெண்டு தொகுதிகளில் அடக்கினார். அதே ஜூலையில் செல்டனமில் புற்றுநோயால் இறந்தார். கொல்கத்தா மியூசியத்திலும் அவர் கொடுத்த மீன்கள் இருக்கு. ஆனாலும், நம்ம ஊர் ஆற்று மீன் ஒன்றைப் பற்றி டே எழுதியதில் சந்தேகம் வந்தால், ஆராய்ச்சியாளர்கள் சிட்னியில் இருக்கும் பாட்டில்களையும் பார்க்க வேண்டியிருக்கு.