பங்குப் பணத்தில் பறந்த எமி ஜோன்சன்

1930ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், சிங்கப்பூர் செலேத்தாரில் ஒரு சிறிய பச்சை நிற விமானம் தரையிறங்கியது. மரச்சட்டத்தின் மீது துணி போர்த்திச் செய்த விமானம் அது. இறக்கைத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. அதைத் தன்னந்தனியாக இலண்டனிலிருந்து ஓட்டி வந்தவர் 26 வயதுப் பெண், எமி ஜோன்சன். ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்று புதிர்ப்போட்டிகளில் இவரைப் பற்றிக் கேட்பார்கள். ஓர் அலுவலகச் செயலாளருக்கு விமானம் எங்கிருந்து கிடைத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கோ அந்தக் கேள்விதான் பெரிதாகப்பட்டது.

எமி 1903ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தார். தந்தை மீன் வணிகர். எமி, ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து 1925இல் பட்டம் பெற்றார். பிறகு இலண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளர் வேலை. பட்டதாரிக்கேற்ற வேலையா என்று கேட்டால் இல்லைதான். நம்மில் பலருக்கும் இந்தக் கதை புதிதல்ல.

எமி பட்டம் பெற்ற அதே 1925இல் பிரிட்டிஷ் அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. சிறிய விமானக் கழகங்களுக்கு மானியம் கொடுத்தது. டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் மோத் விமானத்தைக் கழகம் வைத்திருக்கும். உறுப்பினர்கள் சந்தா கட்டி, பறக்கும் நேரத்துக்கு மட்டும் மணிக்கணக்கில் பணம் கொடுப்பார்கள். இதன் கணக்கு எளியது. விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் கொட்டகைக்கும் காப்புறுதிக்கும் செலவு உண்டு. ஒருவரே சொந்தமாக வைத்திருந்தால் அவ்வளவும் அவர் தலையில். பலர் பங்கு போட்டால் ஒரு மணி நேரத்தின் விலை இறங்கிவிடும். தீபாவளிக்கு ஊர் திரும்ப நால்வர் சேர்ந்து கார் வாடகைக்கு எடுத்து, பெட்ரோல் காசைப் பிரித்துக்கொள்கிறோமே, அதே கணக்குதான்.

வட இலண்டனின் ஸ்டாக் லேனில் இருந்த கழகத்தில் எமி 1928 செப்டம்பரில் முதல் பாடம் எடுத்தார். பலர் பகிரும் விமானம் என்பதால் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மழை வந்தால் அந்த முறையும் போய்விடும். எமி வேகமாகக் கற்றவரும் அல்லர். ஏறக்குறைய 16 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகே தனியாகப் பறக்க விட்டார்கள். 1929 ஜூலையில் விமானி உரிமம் கிடைத்தது. காத்திருந்த நேரத்தை அவர் வீணாக்கவில்லை. கொட்டகையில் இயந்திரங்களைப் பிரித்து மாட்டக் கற்று, அதே ஆண்டு டிசம்பரில் தரைப் பொறியாளர் உரிமமும் பெற்றார். அந்த உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான். பின்னாளில் அவர் உயிரைக் காத்தது இந்தக் கொட்டகைப் படிப்புதான் என்பது என் எண்ணம்.

ஆஸ்திரேலியாவுக்குக் கழக விமானத்தைக் கேட்க முடியாது. மாதக்கணக்கில் மற்றவர் பங்கை எடுத்துக்கொள்வதாகிவிடும். சொந்த விமானம் தேவைப்பட்டது. வாடகை விமானத் தொழில் நடத்திய கேப்டன் ஹோப்பின் பழைய மோத் ஒன்று 600 பவுனுக்கு விலைக்கு வந்தது. பாதியைத் தந்தை கொடுத்தார். மறுபாதியைக் காஸ்ட்ரோல் எண்ணெய் நிறுவனத்தின் வேக்ஃபீல்டு பிரபு ஏற்றுக்கொண்டு, வழியெங்கும் எரிபொருளுக்கும் ஏற்பாடு செய்தார். தந்தையின் மீன் வணிகச் சின்னமான ஜேசன் என்ற பெயரையே எமி விமானத்துக்குச் சூட்டினார். அப்போது அவர் மொத்தம் பறந்திருந்தது 85 மணி நேரம் மட்டுமே.

மே 5ஆம் நாள் குரோய்டனில் புறப்பட்டவர் ஆறே நாளில் கராச்சியை அடைந்தார். அது புதிய சாதனை. அதன் பிறகு சோதனைகள் தொடர்ந்தன. ஜான்சியில் எரிபொருள் தீர்ந்து இராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கி இறக்கையை உடைத்துக்கொண்டார். ரங்கூன் அருகே இன்செயினில் பந்தயத் திடல் என்று நினைத்துத் தொழில்நுட்பக் கழகத்தின் விளையாட்டுத் திடலில் இறங்க, விமானம் பள்ளத்தில் விழுந்தது. இறக்கை கிழிந்து, உந்துவிசிறி உடைந்தது. மாற்று விசிறி கையோடு இருந்தது. இறக்கைக்குத் துணி இல்லை. முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகளை ஊரில் தேடிப் பிடித்து, பிரித்து ஒட்டினார்கள். கழக ஆசிரியர்களும் மாணவர்களும் உடன் உழைத்தார்கள்.

மே 24இல் டார்வின் சேர்ந்தார். 15½ நாள் என்ற ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்க முடியாததில் எமிக்கு ஏமாற்றமே. உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. டெய்லி மெயில் 10,000 பவுன் கொடுத்தது. அரசு சிபிஇ விருது அளித்தது. 1932இல் விமானி ஜிம் மோலிசனை மணந்தார். 1938இல் மணமுறிவு.

போர் வந்ததும், தொழிற்சாலையிலிருந்து விமானங்களைப் படைத் தளங்களுக்கு ஓட்டிச் சேர்க்கும் துணைப் பணியில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5ஆம் நாள், ஆக்ஸ்ஃபோர்டு நோக்கிப் பறந்தவர் மோசமான வானிலையில் வழி தவறித் தேம்ஸ் கழிமுகத்தில் விழுந்தார். காப்பாற்ற நீரில் குதித்த கடற்படை அதிகாரி வால்டர் ஃபிளெட்சரும் இறந்தார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை.

ஜேசன் இப்போது இலண்டன் அறிவியல் அரும்பொருளகத்தில் தொங்குகிறது. எமியின் பதக்கங்களையும் நினைவுப் பொருள்களையும் 1958இல் பிரிட்லிங்டன் நகரின் சீவர்பி மாளிகைக்குக் கொடுத்தவர், அன்று பாதி விலை கொடுத்த அதே தந்தைதான்.