கணித மேதை ஆய்லர்

சுவிட்சர்லாந்து நாட்டின் பேசல் நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் லெயோனார்டு ஆய்லர் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஒரு கிறித்தவ சமய குரு. மைந்தனும் தம்மைப் போலச் சமயப் பணி புரிதல் வேண்டும் என அவர் விரும்பினார். ஆயினும், யோகான் பெர்னூலி என்னும் கணிதப் பேராசிரியர் அவ்விளைஞரின் நுண்ணறிவைக் கண்டு, தந்தையாரின் எண்ணத்தை மாற்றினார். கணிதமே ஆய்லரின் வாழ்வாயிற்று. 1727ஆம் ஆண்டில் அவர் உருசிய நாட்டுச் செயின்ட் பீட்டர்சுபர்க்கு அறிவியற் கழகத்திற்குப் பணியாற்றச் சென்றார்.

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். 7, 13, 31 என்பன அத்தகையன. ஓர் எண் சிறியதாயின் அதன் இயல்பை அறிதல் எளிது. பெரியதாயின் மிக அரிது. முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த பெர்மா என்னும் பிரெஞ்சு அறிஞர், 3, 5, 17, 257, 65,537 என ஒரு விதிப்படி வளரும் எண்கள் யாவும் பகா எண்களே என நம்பினார். அவ்வரிசையில் அடுத்த எண் 4,29,49,67,297 ஆகும். பெர்மாவின் கருத்தைக் கோல்டுபாக் என்னும் நண்பர் 1729ஆம் ஆண்டில் ஆய்லருக்கு எழுதினார். 1732ஆம் ஆண்டில், 25 வயதினரான ஆய்லர், அவ்வெண் 641ஆல் மீதியின்றி வகுபடுவதைக் காட்டினார். 641ஐ 67,00,417ஆல் பெருக்கினால் அவ்வெண்ணே வரும். பேரறிஞர் ஒருவரின் நம்பிக்கையை மூன்று இலக்க எண் ஒன்று தகர்த்துவிட்டது.

ஆய்லரின் வலக்கண் 1738ஆம் ஆண்டளவில் பார்வை இழந்தது. 1741 முதல் 1766 வரை பெர்லின் நகரில் பணியாற்றிய பின், அவர் மீண்டும் பீட்டர்சுபர்க்கு வந்தார். அங்கே இடக்கண்ணின் ஒளியும் படிப்படியாக மறைந்தது. 1771ஆம் ஆண்டில் அவரது இல்லம் தீக்கிரையாயிற்று. பார்வையற்ற அவரைப் பேசல் நகரத்தார் ஒருவர் தூக்கி வந்து காப்பாற்றினார். இத்தனை இடர்களிலும் அவர் ஊக்கம் தளரவில்லை. உள்ளத்திலேயே கணக்கிட்டு அவர் சொல்ல, உதவியாளர் எழுதிவந்தனர்.

மெர்சென் என்னும் துறவி, 31 இரண்டுகளைத் தொடர்ந்து பெருக்கி ஒன்று கழிக்கக் கிடைக்கும் 2,14,74,83,647 ஒரு பகா எண் என்று 1644ஆம் ஆண்டில் கூறியிருந்தார். அதனை உறுதிசெய்ய, 46,340 வரையுள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். ஆய்லர் வேறு வழி கண்டார். அவ்வெண்ணை வகுக்கவல்ல பகா எண் எதுவாயினும், 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தரும் என அவர் அறிந்தார். எனவே நூற்றுக்கும் குறைவான எண்களையே சோதித்தல் போதுமாயிற்று. அவற்றுள் ஒன்றும் அதனை வகுக்கவில்லை. அது பகா எண்ணே என்பதை 1772ஆம் ஆண்டில் ஆய்லர் வெளியிட்டார். குறியுடைய 32 இருநிலை இலக்கங்களால் கணிப்பொறியில் குறிக்கத்தக்க முழு எண்களுள் இன்றும் மிகப் பெரியது அதுவே.

1783ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், தம் 76ஆம் வயதில், ஆய்லர் மறைந்தார். பெர்மாவின் கூற்று பொய்த்தது. மெர்சென் அவ்வெண்ணைப் பற்றிக் கூறியது மெய்யாயிற்று. இரண்டையும் ஆய்லர் சொன்னவர் பெருமையால் அளக்கவில்லை, ஆராய்ந்தே தெளிந்தார். கண்ணொளி மறைந்த பின்னும் அவருக்கு வழி காட்டியது அந்த ஆராய்ச்சி ஒளியே.