கறுப்புத் துணி சொன்ன பாடம்

நடுப்பகல் வெயிலில் விரித்து வைத்த கறுப்புக் குடையைத் தொட்டுப் பாருங்கள். கை சுடும். அதே வெயிலில் கிடக்கும் வெள்ளைத் துணியைத் தொட்டால் அவ்வளவு சூடு இராது. இரண்டின் மேலும் விழுவது ஒரே வெயில்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இதைச் சில துண்டுத் துணிகளை வைத்தே ஆராய்ந்து பார்த்தார் ஓர் அறிஞர். அவர்தான் பெஞ்சமின் பிராங்க்ளின்.

திரி வெட்டிய சிறுவன்

1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். தகப்பனார் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்குப் பிள்ளைகள் 17 பேர். பிராங்க்ளின் 15-வது பிள்ளை.

அவர் பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டுகள். 10 வயதில் படிப்பு நின்றது. தகப்பனாருக்கு உதவியாக மெழுகுவர்த்திக்குத் திரி வெட்டினார். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை நேரம் போக, கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்தார். அண்ணனோடு ஒத்துப் போகவில்லை. 17 வயதில் வீட்டாருக்குத் தெரியாமல் பிலடெல்பியா நகருக்குப் போய்விட்டார்.

அங்கே உழைத்து முன்னுக்கு வந்தார். சொந்தமாக அச்சகம் வைத்தார். பத்திரிகை நடத்தினார். 1731-ல், பலர் சேர்ந்து சந்தா செலுத்திப் படிக்கும் நூலகத்தைத் தொடங்கி வைத்தார். கட்டிடங்களைக் காக்கும் இடிதாங்கியும் அவர் தந்ததுதான்.

படிக்க விரும்பிய பெண்

1757-ல் அரசியல் வேலையாக லண்டனுக்குச் சென்றார். கிரேவன் தெருவில் ஒரு விதவைத் தாயாரின் வீட்டில் குடியிருந்தார். அந்த அம்மாளுக்கு ஒரே மகள். பெயர் மேரி; செல்லமாகப் பாலி என்பார்கள். வயது 18.

அந்தக் காலத்தில் அங்கே பெண்களுக்குக் கல்லூரி கிடையாது. பாலிக்கோ விஞ்ஞானம் கற்க ஆசை. பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று பிராங்க்ளின் ஒதுக்கவில்லை. கடிதம் எழுதியே பாடம் சொல்லிக் கொடுத்தார். 1761-ல் எழுதிய ஒரு கடிதத்தில், தாம் செய்து பார்த்த சோதனை ஒன்றை விவரித்தார்.

பனி மேல் துணி

அதற்குப் பெரிய கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை. தையற்காரரிடம் இருக்கும் மாதிரித் துணித் துண்டுகளே போதுமாயின. கறுப்பு, கருநீலம், இளநீலம், பச்சை, ஊதா, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பல நிறத் துண்டுகள். நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் அவற்றை வெண்பனி மேல் பரப்பினார்.

சில மணி நேரம் சென்றது. கறுப்புத் துணியின் அடியில் பனி உருகி, அது பள்ளத்தில் இறங்கிக் கிடந்தது. கருநீலமும் ஏறக்குறைய அதே ஆழம். இளநீலம் அவ்வளவு இறங்கவில்லை. நிறம் வெளுக்க வெளுக்க ஆழமும் குறைந்தது. வெள்ளைத் துணி வைத்த இடத்திலேயே இருந்தது!

காரணம் என்ன? கறுப்பு நிறம் தன் மேல் விழும் ஒளியில் பெரும் பகுதியை விழுங்கிவிடுகிறது. விழுங்கிய ஒளி வெப்பமாக மாறுகிறது. வெள்ளை நிறம் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

உயிர் காக்கும் அறிவு

பயன்படாத அறிவு எதற்கு என்பது பிராங்க்ளினின் கொள்கை. வெப்ப நாடுகளில் வெயிலில் நடக்கும் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் வெள்ளை உடை வேண்டும் என்று பாலிக்கு எழுதினார். கோடையில் வெள்ளைத் தொப்பி அணிந்தால் தலைவலியும், உயிரைப் பறிக்கும் வெப்பத் தாக்குதலும் குறையும் என்றார். பழத்தோட்டச் சுவருக்குக் கறுப்பு பூசினால், பகலில் வாங்கிய சூடு இரவிலும் நின்று பழங்களைக் குளிரிலிருந்து காக்கும் என்றும் எண்ணினார். வீட்டு மொட்டை மாடிக்கு இன்று வெள்ளை பூசுகிறோமே, அதிலும் இதே உண்மைதான் இருக்கிறது.

1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் பிராங்க்ளின் கையெழுத்திட்டார். உலகம் அவரைப் போற்றியது. ஆனாலும் பாலியை அவர் மறக்கவில்லை. கணவரை இழந்த பாலி, 1786-ல் தன் பிள்ளைகளுடன் கடல் கடந்து பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தார்.

1790-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, 84-வது வயதில் பிராங்க்ளின் கண்ணை மூடினார். அப்போது படுக்கை அருகே இருந்தவர்களில் பாலியும் ஒருவர். இரண்டே ஆண்டுகள் பள்ளிக்குப் போனவர் கற்றுக் கொடுத்தார். கல்லூரி வாசல் திறக்காத பெண் கற்றுக் கொண்டார். படிக்க ஆசை இருந்தால் துண்டுத் துணியும் பாடப் புத்தகம்தான்.